செல்லாத நோட்டின் கள்ள நோட்டு

கோடியைக் கோடியால் பெருக்கிப் பாருங்கள்,
அதுதான் இந்தத் தாள்.
பதினான்கு சுழியம். முப்பத்திரண்டு வயதில்
இதை எண்ணி எண்ணியே என் நாக்கு வறண்டது.
இன்றைக்கு விலை முப்பது டாலர், அமெரிக்க டாலர்.
இரண்டாக எடுத்தால் ஐம்பது.

பாலத்தில் நின்று விற்கிறேன்.
இந்தப் பக்கம் ஜிம்பாப்வே, அந்தப் பக்கம் ஜாம்பியா,
நடுவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள்
காலில் கயிறு கட்டிக்கொண்டு கத்தியபடி குதிக்கிறார்கள்.
அருவிச் சாரல் சரக்கை நனைக்காதிருக்க
ஒவ்வொரு தாளுக்கும் பிளாஸ்டிக் உறை.
ஒருமுறை பபூன் ஒன்று ஐம்பது லட்சம் கோடியைப் பறித்துப்போய்
முகர்ந்துவிட்டுக் கீழே போட்டது.
விவரம் தெரிந்த குரங்கு.

அவன் ஃபின்லாந்துக்காரன். பெயர் ஆர்வோ.
அவன் மொழியில் 'மதிப்பு' என்று பொருளாம்.
சட்டைப் பையிலிருந்து பேனா அளவில் ஓர் ஊதா விளக்கை எடுத்தான்.
அடித்தான். எண்கள் ஒளிரவில்லை.
அடுத்தது. அதுவும் இல்லை.
"அம்மா, இவை போலி" என்றான்,
சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

மெலூசிதான் அந்தக் கட்டைக் கொண்டுவந்தான்,
போன வாரம், சோள மாவுப் பையில் சுருட்டி.
மாமியார் பெட்டியில் கிடந்தது என்றான்.

கோபம் வந்திருக்க வேண்டும் எனக்கு.

புலவாயோவில் ஒன்பது வருஷம்
வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான்.
என் மேஜையிலும் ஓர் ஊதா விளக்கு இருந்தது.
கடைசி வருஷம் அதை நான் ஏற்றவே இல்லை.
ஒரு கள்ள நோட்டுகூட வரவில்லை, சத்தியமாக.
எவன் அடிப்பான்?
மை வாங்கவே நோட்டுப் போதாது.
காலையில் வரிசையின் வாலில் நின்ற வாத்தியார்
என் கம்பி ஜன்னலுக்கு வந்து சேர்வதற்குள்
அவர் சம்பளம் ஒரு ரொட்டியிலிருந்து
அரை ரொட்டியாகியிருக்கும்.
திருடர்களும் எங்களைக் கைவிட்டார்கள்.
அது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று
திருடர்கள் உள்ள நாட்டுக்காரர்களுக்குப் புரியாது.

இப்போது, எந்த ஊரோ,
எவனோ ஒருவன் ராத்திரி கண்விழித்து
எங்கள் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக
விழாமல் அடுக்கியிருக்கிறான்.
எருமைக் கொம்பின் வளைவில் நிழல் விட்டிருக்கிறான்.
கையெழுத்தைக்கூடப் பழகியிருக்கிறான்.
செல்லாக்காசுக்கு இத்தனை பாடு!
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"அசல் இல்லையா?" என்று கேட்டான் ஆர்வோ.

இருக்கிறது, ஒன்றே ஒன்று.
கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து காட்டினேன்.
விளக்குப் பட்டதும் எண்கள் கண் விழித்தன.
ஓரத்தில் பென்சில் எழுத்து:
'லுங்கிலே. இரண்டு மணிக்கு 39.4. நாலு மணிக்கு 40.'
அன்று ராத்திரி வீட்டில் வேறு தாள் இல்லை.

"எழுதிவிட்டீர்களே," என்று உண்மையாகவே வருந்தினான்,
"அழித்தாலும் தடம் தெரியும். மதிப்புப் பாதியாகிவிடும்."
விற்கவில்லை என்றேன்.
லுங்கிலே ஜோஹன்னஸ்பர்க்கில் டயர் விற்கிறான்.
பணம் அனுப்ப மட்டும் மறந்துவிடுவான்.

அவன் போகவில்லை. கொஞ்ச நேரம் அருவியைப் பார்த்தான்.
பிறகு, "போலிக்கென்று ஓர் ஆல்பம் வைத்திருக்கிறேன்.
இதற்கு என்ன விலை?"
யோசித்தேன்.
வரைந்தவன் கூலி, மை, மெலூசியின் பஸ் செலவு.
"ஐந்து. இரண்டாக எடுத்தால் ஒன்பது."

இருபது டாலர் நீட்டினான். ஈரம், கிழியாத ஓரம்,
இங்கே புழங்குகிற நோட்டுகளின் அழுக்கே இல்லாத வெளுப்பு.
"விளக்கைக் கொஞ்சம் கொடுங்கள்" என்றேன்.

இழை பச்சையாக எரிந்தது.
செல்லும், என்றேன் சத்தமாக,
கவுன்டரில் சொல்வதுபோல.

மீதி பதினொன்றுக்குச் சில்லறை இல்லை.
எழுபது லட்சம் கோடி எடுத்தேன், எல்லாம் அசல்.
விரலை நாக்கில் நனைத்து
பழைய வேகத்தில் எண்ணிக் கொடுத்தேன்.
அவன் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டான்.